காஞ்சிப் பட்டுத் தறியைக் குடும்பத் தொழிலாக நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத் தறி நாலைந்து, வெளியே கூலிக்கு ஓடும் தறி பத்துப் பதினைந்து, பட்டும் ஜரிகையும் வாங்கிக் கொடுத்துச் சேலையாகத் திரும்ப வாங்கி விற்கும் குடும்பங்களுக்கானது இந்தப் பக்கம். உதாரணத்துக்குச் சொல்லியிருக்கும் ரூபாய்க் கணக்குகள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். விலையை அன்றன்றைக்கு நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

சேலை எல்லாம் விற்றுப்போகிறது. ஆனால் கையில் எப்போதும் பணம் இல்லை. ஏன்?

பணம் தறியிலும் கடைக்காரரிடமும் நிற்கிறது. பத்துத் தறி வைத்திருப்பவரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு சேலைக்குச் சாயம் போட்ட பட்டு, ஜரிகை சேர்த்து ரூ.12,000, கூலி ரூ.8,000, ஆக அடக்கம் ரூ.20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சேலைக்குப் பதினைந்து நாள் என்றால் மாதம் 20 சேலை இறங்கும்.

ஒவ்வொரு தறியிலும் மூன்று சேலைக்கான சரக்கு ஏறியிருக்கும்: 30 × 12,000 = ரூ.3,60,000. சாயப்பட்டறையிலும் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழை) ஓடுபவரிடமும் இருக்கும் பட்டு சுமார் ரூ.2,00,000. அலமாரியில் ஒன்றரை மாதச் சரக்கு, அதாவது 30 சேலை, அடக்க விலையில் ரூ.6,00,000. கடைக்காரருக்கு 60 நாள் கடன் என்றால் 40 சேலை வெளியே நிற்கும்: ரூ.8,00,000. மொத்தம் ரூ.19,60,000. மாதம் நான்கு லட்சம் அடக்கத்துக்குச் சேலை இறக்குகிற தொழிலுக்கு ஏறக்குறைய ஐந்து மாத முதல் உள்ளே கிடக்கிறது.

இதனால் விற்பனை கூடும்போதுதான் நெருக்கடி வரும். ஐந்து தறி கூட்டினால் இன்னும் பத்து லட்சம் உள்ளே போகும், லாபம் அதற்குப் பிறகுதான் வரும். தறி கூட்டுவதற்கு முன்னால் கடன் நாளைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். 60 நாளை 45 ஆக்கினாலே பத்துச் சேலையின் பணம், அதாவது இரண்டு லட்சம், வட்டியில்லாமல் கைக்கு வந்துவிடும்.

அடக்கவிலை போடும்போது பலரும் எங்கே தவறுகிறார்கள்?

பட்டு விலையில். கச்சாப் பட்டில் செரிசின் என்ற பசை இருக்கிறது. சோப்பும் சோடாவும் போட்டு வேக வைக்கும்போது அது கரைந்து, எடையில் 20 முதல் 25 சதவீதம் போய்விடும். கிலோ ரூ.5,000 என்று வாங்கிய பட்டு 25 சதவீதம் இறங்கி 750 கிராம் ஆனால், உண்மையில் உங்கள் கையில் இருக்கும் பட்டின் விலை கிலோ ரூ.6,667. அதற்கு மேல் முறுக்குக் கூலி, சாயக் கூலி. ரூ.5,000 என்றே கணக்குப் போட்டால், அரைக் கிலோ பட்டு இருக்கும் சேலையில் எண்ணூறு ரூபாய்க்கு மேல் தொடக்கத்திலேயே விட்டுவிடுகிறீர்கள்.

சாயப்பட்டறைக்குக் கொடுத்த எடை, திரும்பி வந்த எடை இரண்டையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். கழிவு ஒரே பட்டறையில் ஒரு முறை 20, மறுமுறை 27 என்று ஆடினால், பட்டு வாங்கிய இடத்தில் எண்ணெயும் ஈரமும் ஏற்றிக் கொடுத்திருக்கலாம், அல்லது பட்டறையில் கழி (பட்டு நூல் கட்டு) குறைந்திருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள, அடுத்த முறை ஒரே ஒரு கழியைத் தனியே அடையாளம் கட்டி, எடை போட்டு அனுப்புங்கள்.

விட்டுப்போகும் மற்ற செலவுகள்: பாவு ஓடும் கூலி, பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் புணைக்கும் கூலி, நாடாவுக்குள் வைக்கும் தார் சுற்றும் கூலி, டிசைன் அட்டை குத்திய செலவு, வீட்டுப் பெண்கள் செய்யும் வேலை. கடைசியாகச் சொன்னதை எந்தக் குடும்பமும் கணக்கில் எழுதுவதில்லை. வெளியாளுக்கு என்ன கொடுப்பீர்களோ அதை எழுதுங்கள். எழுதாமல் வரும் லாபம் அவர்களின் கூலிதான்.

ஜரிகை விலை தினமும் மாறுகிறதே, என்ன செய்வது?

ஜரிகையை மார்க்குக் கணக்கில் வாங்குகிறோம். ஒரு மார்க்கு 242 கிராம். பழைய தரத்தில் வெள்ளி 57 சதவீதமும் தங்கம் 0.6 சதவீதமும் இருந்தன. வெள்ளி விலை ஏறியதால் வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5 என்ற தரமும் புழக்கத்துக்கு வந்தது. இந்த இரண்டாவது தரத்தில் ஒரு மார்க்கில் ஏறத்தாழ 97 கிராம் வெள்ளியும் 1.2 கிராம் தங்கமும் இருக்கும்.

இதை வைத்தே விலையைக் கணிக்கலாம். வெள்ளி கிலோவுக்கு ரூ.10,000 ஏறினால் மார்க்குக்கு ரூ.970 ஏறும். தங்கம் கிராமுக்கு ரூ.1,000 ஏறினால் மார்க்குக்கு ரூ.1,210 ஏறும். அரை சதவீதத் தங்கம்தானே என்று அலட்சியமாக விடுபவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும்.

ஆர்டர் எடுக்கும்போது விலையைச் சொல்லி முன்பணம் வாங்கினீர்கள் என்றால் அன்றைக்கே அந்தச் சேலைக்கான ஜரிகையை வாங்கி வைத்துவிடுங்கள். நெய்யத் தொடங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அது சூதாட்டம். ஜரிகை ஏறும் என்று நினைத்துக் கடன் வாங்கி மூட்டை கட்டி வைப்பதும் அதே சூதாட்டம்தான்.

தரத்தைப் பொறுத்தவரை, வாங்கும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு முழம் வெட்டி எக்ஸ்ரே கருவியில் பரிசோதித்து அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புச் சாயம் போட்ட பட்டு இழை தெரியும். செம்புக் கம்பியோ வெள்ளைப் பாலியெஸ்டர் இழையோ தெரிந்தால் அசல் இல்லை. ஆனால் சிவப்புப் பட்டு தெரிந்துவிட்டதாலேயே வெள்ளி எவ்வளவு என்று தெரிந்துவிடாது, அதற்குப் பரிசோதனைதான்.

அசலைவிட மலிவான டெஸ்டட் ஜரிகை, ஹாஃப் ஃபைன் ஜரிகை போட்ட சேலை விற்பதில் தப்பில்லை. பில்லில் அதை எழுதாமல் விற்பதுதான் தப்பு.

எடை போட்டுக் கொடுத்தோம். சேலையாக வரும்போது எடை இடிக்கிறது. நெசவாளர் எடுத்துவிட்டாரா?

அப்படி முடிவு கட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது ஈரம். பட்டு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வணிகத்தில் 11 சதவீத ஈரம் இருக்கும் எடையைத்தான் சரியான எடையாக வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் அதைவிடக் குறையும், ஐப்பசி மழையில் கூடும். அரைக் கிலோ பட்டில் மூன்று சதவீதம் மாறினாலே 15 கிராம். மழைக்காலத்தில் கொடுத்து, பனி முடிந்து வெயில் ஏறியபின் வாங்கினால் எடை குறைவாகத்தான் வரும்.

இரண்டாவது கஞ்சி. பாவுக்குப் போட்ட கஞ்சி எடையைக் கூட்டிக் காட்டும். எடை சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக வாங்கிய சேலையில் பட்டு குறைந்து கஞ்சி கூடியிருக்கலாம். கையில் எடுத்தால் அட்டை போல விறைப்பாக நிற்கும், மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும்.

மூன்றாவது பாவின் கடைசி. தறியில் விழுதுக்கும் (பாவு இழையைத் தூக்கும் கண்ணி) அச்சுக்கும் (இழை புகும் சீப்பு) பின்னால் நிற்கும் பாவு நெய்ய வராது. அடுத்த பாவைப் புணைக்க அது வேண்டும். மீதத் தார், அறுந்த இழை, ஜரிகைத் துண்டு எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று சதவீதம் கழிவாகும். இவற்றை ஒரு பையில் போட்டுச் சேலையோடு திருப்பித் தரச் சொல்லுங்கள். ஜரிகைக் கழிவை வெள்ளிக்காக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் பாதியை நெசவாளருக்குக் கொடுத்தால் பை தானாக வரும்.

நான்காவது, உங்கள் தராசு. ஒரு கிராம் துல்லியம் உள்ள மின்னணுத் தராசு போதும். ஆனால் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அதே தராசாக இருக்க வேண்டும், நெசவாளர் எதிரில் போட வேண்டும், அவருடைய புத்தகத்திலும் உங்கள் புத்தகத்திலும் ஒரே வரி எழுத வேண்டும். பாவுப் பட்டு, ஊடைப் பட்டு (குறுக்கே ஓடும் இழை), ஜரிகை மூன்றும் தனித்தனிப் பத்தி. எல்லாவற்றையும் ஒரே எடையாக எழுதினால் 20 கிராம் குறைவு பட்டிலா ஜரிகையிலா என்று தெரியாது. இரண்டின் விலைக்கும் எவ்வளவு தூரம்!

இத்தனைக்குப் பிறகும் ஒரே தறியில் தொடர்ந்து மூன்று பாவில் குறைந்தால் பேசுங்கள். ஒரு சேலையை வைத்துப் பேசாதீர்கள். கோர்வை (உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து பிணைப்பது) நெய்யும் நல்ல நெசவாளரை இழந்தால் அந்த இடத்தில் இன்னொருவரை உட்காரவைப்பது 20 கிராம் ஜரிகையைவிடச் செலவு.

ஒரு பாவு எத்தனை சேலைக்கு ஓடுவது நல்லது?

வழக்கம் மூன்று சேலை. ரவிக்கைத் துணியோடு சேலை 6.2 மீட்டர் அளவுக்கு வரும். பாவு சுருங்குவதற்கும் கடைசிக் கழிவுக்கும் சேர்த்து நீளம் வைக்க வேண்டும். பாவு நீண்டால் புணைக்கும் கூலியும் கழிவும் சேலைக்குக் குறையும், ஆனால் ஒரே உடல் நிறத்தில் நாலைந்து சேலை உங்கள் தலையில் விழும். புது நிறத்தைச் சோதிக்கும்போது மூன்றுக்கு மேல் போகவேண்டாம். ஒரே பாவில் ஊடை நிறத்தை மாற்றி மூன்றையும் மூன்று விதமாக இறக்கலாம். சிவப்புப் பாவில் பச்சை ஊடை, நீல ஊடை போட்டால் இரட்டை நிறம் அடிக்கும்.

கோர்வை நெய்வதா, சாதாக் கரையே போதுமா?

ஊடை இழையைக் கொண்டுபோவது நாடா. கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று நாடா ஓடும். ஒவ்வொரு ஊடையிலும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிணைய வேண்டும். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் வராத அன்றைக்குத் தறி நிற்கும். கூலி கூடுதல், நாளும் கூடுதல். முந்தானைக்குப் பேட்னி போட்டால் உடல் பாவை நிறுத்தி வேறு நிறப் பாவை ஒவ்வோர் இழையாக அதோடு சேர்க்க வேண்டும். அது தனி வேலை.

ஆனாலும் எங்கள் கருத்து, மொத்தத் தறியில் பாதியாவது கோர்வையில் இருக்க வேண்டும். சாதாக் கரை, புட்டா (சின்னப் பூ வேலை) எல்லாம் விசைத்தறியில் போலியாக வந்துவிட்டன. அந்த வகையில் விலையை வைத்துத்தான் மோத முடியும், அதில் கைத்தறி தோற்கும். துணை ஆள் பிரச்சினைக்கு, குடும்பத்தில் இரண்டு பேர் நெய்யக்கூடிய வீடுகளுக்குக் கோர்வைப் பாவைக் கொடுங்கள். தனியாள் தறிக்குப் புட்டா கொடுங்கள். டிசைனுக்கு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியைக் காலால் மிதித்துத் தூக்குவதற்குப் பதில் மோட்டாரில் தூக்கும் கருவியை வைத்தால் வயதான நெசவாளரும் கனத்த டிசைன் நெய்வார்.

தறியிலிருந்து இறங்கிய சேலையில் எதை எதைப் பார்த்து வாங்குவது?

சன்னல் பக்கம் ஒரு கம்பில் தொங்கவிட்டு, வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி பாருங்கள். மேசையில் விரித்துப் பார்த்தால் பாதிக் குறை தெரியாது.

கோர்வை சேரும் கோட்டில் ஊசிக்கண் போல வெளிச்சம் தெரிந்தால் அங்கே பிணைப்பு விட்டிருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் ஊசியால் சரிசெய்யலாம். வரிசையாக இருந்தால் கட்டும்போது பிரியும், விற்காதீர்கள். கரை மட்டும் சுருங்கி அலை அலையாக நின்றால் கரைப் பாவின் இழுப்பும் உடல் பாவின் இழுப்பும் ஒத்துப்போகவில்லை. அது அந்தச் சேலையில் சரியாகாது, இஸ்திரி போட்டாலும் ஒரு வாரத்தில் திரும்பும். அடுத்த சேலைக்கு முன்பே கரைப் பாவுக்குத் தொங்கும் எடையைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

குறுக்கே ஒரு பட்டை கனமாகவோ லேசாகவோ தெரிவது, நெசவாளர் நாள் கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கிய இடம். பாவை இழுப்போடு விட்டுவிட்டுப் போனால் இது வரும். இரவு தறியை விடும்போது இழுப்பைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். குறுக்கே நிறம் திடீரென மாறினால் வேறு சாயத்தொட்டிப் பட்டு ஊடையில் கலந்திருக்கிறது. இது நெசவாளர் தவறில்லை, கொடுத்த உங்கள் தவறு. நீளவாக்கில் கோடு ஓடினால் அச்சில் பல் வளைந்திருக்கும் அல்லது இழை ஒன்று தப்பிப் புகுந்திருக்கும்.

பேட்னி இருந்தால் திருப்பிப் பாருங்கள். உடலும் முந்தானையும் சேரும் இடத்தில் இரண்டு பாவும் சேர்ந்து நெய்யப்பட்ட சின்னப் பட்டையும், பின்பக்கம் வெட்டிய இழை நுனிகளும் இருக்க வேண்டும். நுனியை ரொம்ப ஒட்டி வெட்டியிருந்தால் உருவிக்கொள்ளும்.

குறைக்குக் கூலி பிடிப்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். எந்தக் குறைக்கு எவ்வளவு என்று பட்டியல் இருந்தால் சண்டை இருக்காது. நெசவாளர் காரணமில்லாத குறைக்குப் பிடிக்கக் கூடாது, அதையும் எழுதுங்கள்.

சிவப்புக் கரை வெள்ளை உடலில் இறங்கிவிட்டது. யார் பொறுப்பு?

சாயப்பட்டறை. பட்டுக்கு அமிலச் சாயமோ உலோகச் சேர்மச் சாயமோ போட்டு, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வைத்து, அசிட்டிக் அமிலம் விட்டு, பிறகு ஒட்டாத சாயம் முழுக்கப் போகும் வரை அலச வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் அலசல் குறைந்தால் கரு நிறங்களில் சாயம் மேலேயே நிற்கும்.

தறிக்குப் போகும் முன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு சாயத்தொட்டியிலிருந்தும் ஒரு விரற்கடை இழை எடுத்து, வெள்ளைப் பட்டு இழையோடு சேர்த்துப் பின்னி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, வெள்ளைத் துணியில் அழுத்திக் காய வையுங்கள். வெள்ளை இழை நிறம் பிடித்திருந்தால் அந்தக் கழிகளைத் திருப்பி அனுப்புங்கள். இந்தச் சோதனையைச் சிவப்பு, அரக்கு, கருநீலம், கருப்புக்கு விடாமல் செய்யுங்கள். சந்தனம், வெளிர் மஞ்சளுக்குத் தேவையில்லை.

நெசவாளருக்கு முன்பணம் எவ்வளவு வரை கொடுக்கலாம்?

இரண்டு சேலைக் கூலிக்கு மேல் வேண்டாம். பெரிய முன்பணம் கொடுத்தால் ஆள் வேறு இடம் போகமாட்டார் என்ற நினைப்பு பழையது. முன்பணத்துக்காக ஒருவரை வேறு இடத்தில் வேலை செய்யவிடாமல் தடுப்பது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் மாட்டும். நடைமுறையிலும் பெரிய முன்பணம் வாங்கியவர் கூலியில் பிடித்தம் போக மிச்சம் குறைவதால் மெதுவாகத்தான் நெய்கிறார்.

ஆளைத் தக்கவைப்பது, சேலை இறங்கிய அன்றே கூலி கொடுப்பதும், பாவு முடிந்த மறுநாளே அடுத்த பாவு தயாராக இருப்பதும்தான். தறி காத்திருக்கும் நாளுக்கு அவருக்கு வருமானம் இல்லை. பாவுக்காக ஒரு வாரம் காத்திருக்கவைத்துவிட்டு அவர் வேறு முதலாளியிடம் போனார் என்று குறைப்படுவது நியாயமில்லை.

கூலியை வங்கி வழியாகக் கொடுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமானவரிக் கணக்கில் அந்தச் செலவு ஏறாது.

பள்ளிப் பிள்ளைகள் தறியில் உதவலாமா?

14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. அது சொந்தக் குடும்பத்துக்கு மட்டும், துணை ஆளாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்காரவைக்க அல்ல.

நெசவாளருக்கு அரசு தருவது என்ன?

கைத்தறி அடையாள அட்டை இருந்தால் மற்றவை எளிது. 6 சதவீத வட்டியில் நெசவாளர் முத்ரா கடன், நூல் வாங்கும் புத்தகத்தின் வழியே தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகத்திடம் 15 சதவீத மானியத்தில் நூல், தமிழ்நாட்டில் வீட்டுத் தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் (2023க்கு முன் 200). டிசைன், சாயம் பற்றிய உதவிக்குக் காஞ்சிபுரத்திலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. உங்களுக்கு நெய்பவர்களுக்கு இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுங்கள், முன்பணம் கேட்பது குறையும். கூட்டுறவுச் சங்க உறுப்பினரின் தறியில் மட்டும் உங்கள் பாவை ஏற்றாதீர்கள். அவருடைய சங்கச் சலுகைகளுக்கே ஆபத்து.

எந்த முத்திரை வாங்குவது?

ஒவ்வொன்றும் வேறு விஷயத்தைச் சொல்கிறது. 2004இல் வந்த சில்க் மார்க், துணி சுத்தமான இயற்கைப் பட்டு என்று மட்டும் சொல்லும். விசைத்தறிப் பட்டுக்கும் அது கிடைக்கும். 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க், கையால் நெய்தது என்று சொல்லும், பட்டின் தரத்தைச் சொல்லாது. 2015 ஆகஸ்ட் 7 அன்று தொடங்கிய இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட் தரத்தையும் பார்க்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கான புவிசார் குறியீடு 2005ஆம் ஆண்டு கிடைத்தது. வரையறுத்த பகுதிக்குள் வரையறுத்த முறையில் நெய்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ளலாம். திருபுவனம் பட்டுக்கு 2019இல் தனிக் குறியீடு கிடைத்தது. எனவே அங்கே நெய்து வாங்கியதைக் காஞ்சிபுரம் என்று விற்காதீர்கள்.

குறைந்தது சில்க் மார்க், ஹேண்ட்லூம் மார்க் இரண்டும் வேண்டும். ஜரிகை பற்றி இவை எதுவும் வாக்குக் கொடுப்பதில்லை. அதற்கு நீங்கள் கோப்பில் வைத்த பரிசோதனை அறிக்கைதான்.

விசைத்தறிச் சேலையும் சேர்த்து விற்கலாமா?

விற்கலாம், தனி அலமாரியில், தனிப் பெயரில், பில்லில் விசைத்தறி என்று எழுதி. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி 11 வகைத் துணிகள் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டவை, சேலையிலும் சில வகைகள் அதில் உண்டு. அந்த வகைகளை விசைத்தறியில் நெய்வது குற்றம், எனவே எதை வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். கலந்து விற்று ஒருமுறை பிடிபட்டால் உங்கள் கைத்தறிச் சேலையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஜிஎஸ்டி எப்படி?

சேலை துணிக் கணக்கில் வருகிறது, விலை எவ்வளவானாலும் 5 சதவீதம். தைத்த ரவிக்கை ஆயத்த ஆடை. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ரூ.2,500 வரை 5, மேலே போனால் 18. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பனை ஆண்டுக்கு ரூ.40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பதிவு பெற்றவர் பட்டையும் ஜரிகையையும் நெசவாளருக்கு அனுப்பும்போது டெலிவரி சலான் போட வேண்டும், சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். முன்னே சொன்ன எடைப் புத்தகத்தில் சலான் எண்ணையும் எழுதினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

கடைக்காரர் பணத்தை இழுத்தடிக்கிறார். வழி உண்டா?

உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில்) பதிவை உற்பத்தியாளராகச் செய்யுங்கள், வியாபாரியாக அல்ல. வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இந்த நாளுக்குள் கொடுக்காத தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கடைக்காரர் செலவாகக் காட்ட முடியும். வழக்கு வரைக்கும் யாரும் போவதில்லை. ஆனால் உத்யம் எண்ணைப் பில்லில் அச்சடித்தால் மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்வார்.

ஆன்லைனில் விற்றால் நிறம் வேறு என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

பெரும்பாலும் இரட்டை நிறச் சேலைகள்தான் திரும்பும். மயில்கழுத்து நிறம் ஒரு கோணத்தில் நீலம், இன்னொன்றில் பச்சை. ஒரே படம் போட்டால் வாங்குபவர் ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறார். பகல் வெளிச்சத்தில் பத்து நொடி வீடியோவில் துணியைத் திருப்பிக் காட்டுங்கள், பாவு நிறம், ஊடை நிறம் இரண்டையும் எழுதுங்கள். நீளம், ரவிக்கைத் துணி சேர்த்தா இல்லையா, எடை, ஜரிகை வகை, கோர்வை உண்டா, பேட்னி உண்டா என்பதும் இருக்கட்டும். கோர்வைக் கோட்டைப் பின்பக்கத்திலிருந்து எடுத்த படம் ஒன்று போதும், விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்தே வாங்குவார்.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்துகிறோம். எழுத்தில் எதை வைத்துக்கொள்வது?

மூன்றை. முதலில், வேலைக்குச் சம்பளம் வேறு, முதலுக்குப் பங்கு வேறு. தினமும் சாயப்பட்டறைக்கும் தறிக்கும் அலைபவரும், வெளியூரில் வேறு வேலை பார்த்துக்கொண்டு பங்கு மட்டும் வைத்திருப்பவரும் ஒரே தொகை எடுத்தால் சீக்கிரமே மனக்கசப்பு வரும். கூட்டாண்மைப் பத்திரத்தில் இரண்டையும் பிரித்து எழுதிப் பதிவு செய்யுங்கள். வீட்டுக் கல்யாணச் செலவுக்குக் கடைப் பணத்தை எடுத்தால் எடுத்தவர் பெயரில் கடனாக எழுதுங்கள். அப்பாவும் இதற்கு விலக்கில்லை.

இரண்டாவது, கடைப் பெயரை நிறுவனத்தின் பெயரில் வணிக முத்திரையாகப் பதியுங்கள், ஒருவருடைய பெயரில் வேண்டாம். டிசைன் வரைதாள்களும் குத்திய அட்டைகளும் சொத்து. எண் போட்டுப் பட்டியல் வையுங்கள். பாகப் பிரிவினையில் தறியைச் சுலபமாகப் பங்கிடலாம், அட்டையும் பெயரும்தான் நீதிமன்றம் வரை போகும்.

மூன்றாவது, பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை 2005 திருத்தத்திலிருந்து இருக்கிறது. தறிக்கூடம் பூர்வீக இடத்தில் இருந்தால் அவர்களின் கையெழுத்தில்லாமல் வங்கிக் கடனுக்கு அடமானம் வைக்கும்போது சிக்கல் வரும். தொழிலில் ஆர்வமுள்ள மகளை வெளியே நிறுத்திவிட்டு ஆர்வமில்லாத மகனை உட்காரவைப்பது வியாபாரக் கணக்கிலும் நஷ்டம்.

அலமாரியில் இருக்கும் சேலையின் ஜரிகை கருக்கிறது. போலியா?

அசல் ஜரிகையும் கருக்கும். மேலே தங்கப் பூச்சு மிக மெல்லியது. அதன் வழியே கந்தகம் வெள்ளியைத் தொட்டால் கருப்பு படியும். நாப்தலீன் உருண்டை, வாசனைத் திரவியம், செய்தித்தாள், பிளாஸ்டிக் உறை இவற்றைத் தள்ளிவையுங்கள். துவைத்துக் கஞ்சி போக்கிய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மரப் பலகையில் நேரே படாமல் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் ஒரு வருடம் கிடந்தால் அந்தக் கோட்டில் ஜரிகை ஒடிந்து பட்டும் கிழியும். பழைய சரக்கிலிருந்து முதலில் விற்பதற்கு, உறையின் மேல் தறியிலிருந்து இறங்கிய தேதியை எழுதி வையுங்கள்.